பின்பக்கக் கணக்கு

ஆடி பதினொன்று, பகல் இரண்டே கால்.
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்து
பூளவாடி வரைக்கும் ஊதுகிறது.
கிளுவை வேலி ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருக்கிறது.
கொறங்காட்டில் செம்மறிகள்
காற்றுக்கு முதுகு கொடுத்து மேய்கின்றன.
கட்டுப்பாட்டு அறையின் கூரைத் தகரம்
ஓயாமல் தட்டுகிறது, உள்ளே விடு என்பதுபோல.
இருபத்துநான்கு காத்தாடியும் முழு மூச்சில்.

அப்போதுதான் போன் அடிக்கும்.

"பூளவாடியா? குறைச்சுக்கங்க மேடம்."
"எவ்வளவு சார்?"
"எல்லாத்தையும்."

பட்டனை அழுத்துகிறேன்.
கடன் கொடுத்தவனைச் சந்தையில் கண்டவன்போல
இறக்கைகள் மெல்ல விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்கின்றன.
காற்று ஒரு நிமிடம் நின்று
விசாரித்துவிட்டுப் போகிறது.

லாக் புத்தகத்தின் முன்பக்கம் எழுதச் சொன்னது:
நிறுத்தம். நேரம். உத்தரவு எண்.
பின்பக்கம் நானாக எழுதுவது:
ஒரு காத்தாடி ஒரு மணி நேரம் ஓடினால்
ஒரு டன் கரி, ஏறக்குறைய,
மண்ணுக்குள்ளேயே புரண்டு படுத்துக்கொள்ளும்.
இன்று
மணிக்கு இருபத்துநான்கு டன்னைத் தட்டி எழுப்பிவிட்டோம்.

பட்டியை விட்டுவிட்டு மயிலாத்தா வேலியோரம் வந்தாள்.
"காத்து ஆளையே தூக்குது, இது ஏனுங்கம்மிணி
நட்டமா நிக்குது, ரிப்பேருங்களா?"
"இல்லீங்க. கரண்டு சாஸ்தியாயிருச்சாம்."
"சாஸ்தியாச்சுன்னா கரியையில்ல நிறுத்தோணும்?"
கேட்டுவிட்டுக் குட்டியைத் தேடிப் போய்விட்டாள்.
நான் இருநூறு பக்க விதிப்புத்தகத்தோடு நின்றேன்.

விதி எனக்கும் தெரியும்.
கொதிகலன் வீட்டு அடுப்பல்ல,
நினைத்தால் அணைக்க, நினைத்தால் மூட்ட.
ஒப்பந்தம் போட்டாயிற்று,
வாங்கினாலும் காசு, வாங்காவிட்டாலும் காசு.
அதோடு அண்ணன் ரங்கபூபதிக்கு
மேட்டூரில் கரி ஏறும் பெல்ட்டில் வேலை.
என் கல்யாணத்தில் பன்னீர் தெளித்த கையில்
நகக்கண் பத்தும் கறுப்பு.
நைட் ஷிப்டில் போன் போட்டு
இருமலுக்கு நடுவில் கேட்பான்:
"உன்ற காத்தாடி நிக்காம ஓடுனா
என்ற பெல்ட் நின்னுருமா புள்ள?"
"நின்னுரும்."
"அப்ப நானு?"

அதற்குப் பின்பக்கத்தில் வரி ஒதுக்கியிருக்கவில்லை நான்.

ஐப்பசியில், கோவையில் கருத்துக் கேட்பு.
கட்டணம் பற்றி மட்டும் பேசச் சொன்னார்கள்.
எனக்கு முன்னால் சோமனூர்த் தறிக்காரர் ஒருவர்
பில்லை விரித்துக் காட்டிப் பாதியில் அழுதுவிட்டார்.
எனக்கு இரண்டு நிமிடம்.
தேதிகளை மட்டும் வாசித்தேன்.
ஆனி இருபத்திரண்டு, நான்கு மணி நேரம், தொண்ணூற்றாறு டன்.
ஆடி மூன்று, ஆறரை மணி நேரம், நூற்றைம்பத்தாறு.
ஆடி பதினொன்று
மைக் நின்றது. வாசித்தேன்.
முன்வரிசையில் யாரோ கொட்டாவியைக்
கைக்குட்டைக்குள் மடித்து வைத்தார்கள்.
பஸ்ஸில் வரும்போது சேர்த்த கடைசி வரியையும் வாசித்தேன்:
பெல்ட்டில் நிற்கிறவர்களுக்குக் காத்தாடி ஏறப் பயிற்சி,
அதே சம்பளம்,
பெல்ட் நிற்பதற்கு முந்தின மாதமே.

"பேரு?" என்றார் குறிப்பெடுப்பவர்.
கௌரிமணி என்றேன். கௌரி ராணி என்று எழுதினார்.
குனிந்து திருத்திவிட்டு வந்தேன்.

அடுத்த ஆடி.
ஒன்றும் மாறவில்லை என்று சொல்லக் கூடாது.
உடுமலைப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டில்
பேட்டரி வைக்க இடம் அளக்கிறார்கள்.
தை மாதத்திலிருந்து அளக்கிறார்கள்.

இரண்டே கால். தகரம் தட்டுகிறது.
போன் அடிக்கிறது.
முன்பெல்லாம் முதல் மணியில் எடுத்துவிடுவேன்.
இப்போது ஏழாவதில்.
இருபது விநாடி, இருபத்துநான்கு காத்தாடி:
இரண்டு மூட்டைக் கரி.

பின்பக்கத்தில் அதைக் குறித்துவிட்டுத்தான்
ஹலோ என்கிறேன்.